காற்றமுக்கிக்கு ஓர் அறை

என் மனைவியின் தொழிற்சாலையில் அவளுக்கென்று ஒரு சிறிய அறை இருந்தது. பழரசத்தைப் போத்தலில் நிரப்பும் கூடம் அதற்கு ஒரு பக்கம்; காற்றமுக்கி நிற்கும் கொட்டகை தெற்குப் பக்கம்; நடுவே, வடக்குப் பார்த்த ஒரேயொரு யன்னலுடன் அந்த அறை. யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய வேம்பு. உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, சுவர்க் கொளுவியில் அவள் வேலைநேரத்தில் அணியும் வெள்ளை மேலங்கி. அவள் இறந்த இரண்டாம் கிழமையில், அங்கே விட்டுவந்த என் மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்காகப் போனேன். எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அறையைப் பூட்டிவைப்பதென்று நான் தீர்மானித்ததாகச் சொல்ல முடியாது. திறப்பு பைக்குள் இருந்தது. அடுத்த நாள் வேறு சட்டை போட்டபோது அதையும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலை என்பது சற்றுப் பெரிய சொல். தெல்லிப்பழைக்கு அப்பால், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கட்டடம். மிஷன் பாடசாலையொன்றில் இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர் அவள் அதைத் தொடங்கினாள். முதலில் நெல்லி ரசம், பிறகு மாம்பழம், பிறகு திராட்சை. நான் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் கற்பித்தவன். இயந்திரங்களைத் தெரிவுசெய்து கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது. அங்கே வேலைசெய்யும் பெண்கள் அவளை ‘ரீச்சர்’ என்றும், என்னைச் ‘சேர்’ என்றும் அழைப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், ரீச்சர் சொன்னால் உடனே செய்வார்கள்; சேர் சொன்னால் ரீச்சரைக் கேட்பார்கள்.

காற்றமுக்கியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, ஓர் இரும்புத் தாங்கிக்குள் அடைத்து வைக்கும் இயந்திரம் அது. அடைபட்ட காற்று குழாய்கள் வழியே போய், போத்தல்களை நிரப்பும் பொறியையும் மூடி இறுக்கும் பொறியையும் இயக்கும். தாங்கியில் அமுக்கம் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும். நிரம்பினால் தானே நிற்கும். தொழிற்சாலையில் மின்சாரத்தை அதிகம் தின்பது இதுதான். தின்பதிலும் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறிவிடும். மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லும்போது சிலர் நம்பமாட்டார்கள். என் மனைவி உடனே நம்பினாள். “மனுசரும் உப்பிடித்தானே” என்றாள்.

அவளுடைய கடைசி மாதங்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. நான் தினமும் கூட இருந்தேன். பின்னேரத்தில், வேலை விடும் நேரமளவில், அவள் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வாள். நான் எழுந்து விறாந்தைக்குப் போவேன். ஒருவர் தொலைபேசியில் இருக்கும்போது மற்றவர் அருகில் நிற்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஆனால் கதவருகில் நின்றால் அவள் முகம் தெரியும். அவள் ஒன்றும் கதைக்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேயிருப்பாள். கடைசியில், “சரி, வீட்டை போ” என்று மட்டும் சொல்லிக் கைபேசியைத் தலையணைக்கு அருகில் வைப்பாள். அன்றைய வேலையைப் பற்றி யாரோ ஒப்புவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னவென்று கேட்கவில்லை.

அவளுக்குப் பிறகு தொழிற்சாலையை அவளுடைய தம்பி பொறுப்பெடுத்தான். நல்லவன், எப்போதும் அவசரக்காரன். கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதும் பழம் வாங்குவதுமாகப் பகல் முழுவதும் மோட்டார் சைக்கிளிலேயே இருப்பான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

“அத்தான், உங்களிட்டை ஒரு விசயம் கேக்கவேணும். கோவிக்கப்படாது.”

“கேள்.”

“காத்து காணாதாம், போதாதாம். பின்னேரத்திலை மூடி இறுக்கிற மெஷின் சரியா இறுக்குதில்லை. போன கிழமை ஒரு கடையிலையிருந்து பெட்டி பெட்டியா ஒழுகித் திரும்பி வந்தது. கொழும்பிலை ஒராளோடை கதைச்சிருக்கிறன். இதைவிடப் பெரிய கொம்பிரசர் ஒண்டு இருக்காம். ரெண்டையும் சேத்து ஓடலாம்.”

“எங்கை வைக்கப்போறாய்?”

அவன் கோப்பைக்குள் பார்த்தான். “அதுதான் அத்தான் கேக்க வந்தது. கொட்டகையோடை ஒட்டின இடம் ஒண்டுதான் இருக்கு. நடுச்சுவரை எடுத்தால்...” கோப்பையைக் கீழே வைத்தான். அவனைப் பாடசாலைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் அவள்.

என் கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

“காத்து காணாதெண்டு ஆர் சொன்னது?” என்றேன்.

“மெஷினே சொல்லுது. ஓய்வில்லாமல் ஓடுது, பாவம். கரண்ட் பில்லைப் பாத்தால் விசர்தான் வரும்.”

“காத்து காணாமலும் ஓடும். காத்து வீணாப்போனாலும் ஓடும். எதுவெண்டு பாத்தனியோ?”

“புரொபெசர்மாரோடை உதுதான் கரைச்சல். தண்ணி விடாய்க்குது எண்டு சொன்னால், குடத்திலை ஓட்டையோ எண்டு கேப்பியள்.”

“ஓட்டை இருந்தால்?”

அவன் சிரித்துவிட்டான். அக்காவின் சிரிப்பு அவனிடமும் இருக்கிறது. மேலுதடு ஒரு பக்கம் முதலில் எழும்பும். “சரி அத்தான். வாற சனிக்கிழமை வரைக்கும் பாருங்கோ. சனிக்கிழமை பின்னேரம் நான் அவருக்கு மறுமொழி சொல்லவேணும்.”

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும், உடை மாற்றாமலே தொழிற்சாலைக்குப் போனேன். ஞாயிறு ஓய்வுநாள் என்பதில் என் மனைவி கண்டிப்பானவள். பழம் அழுகினாலும் அன்றைக்குப் படலை திறக்கமாட்டாள். அந்த வழக்கம் இன்னும் தொடர்ந்தது. கட்டடம் முழுவதும் அமைதியாக இருந்தது. ஆனால் கொட்டகைக்குள் காற்றமுக்கி ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் நின்றது. நான் தாங்கியில் கை வைத்துப் பார்ப்பதற்குள் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒரு போத்தலும் நிரப்பப்படாத, ஒரு மூடியும் இறுக்கப்படாத நாளில், அது மட்டும் வேலைசெய்துகொண்டிருந்தது.

படலை திறந்திருப்பதைக் கண்டு, பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்ணொருத்தி உள்ளே வந்தார். தொழிற்சாலையில் தொடக்கத்திலிருந்து வேலைசெய்பவர், மற்றப் பெண்களுக்குப் பொறுப்பானவர், நாக்கு கூர்மையானது.

“சேர், சேர்ச்சுக்குப் போகேல்லையோ?”

“போட்டுத்தான் வாறன்.”

“வெள்ளை வேட்டியோடை ஒயிலுக்குள்ளை நிக்கிறியள். ரீச்சர் கண்டால் நல்லாக் குடுப்பா. இண்டைக்கு உங்கடை ஆக்கள் வேலை செய்யப்படாதெல்லோ?”

“நான் வேலை செய்யேல்லை. கேட்டுக்கொண்டு நிக்கிறன். வேலை செய்யிறது உது.”

“அது தானே ஓடும், தானே நிக்கும்.”

“இண்டைக்கு ஆருக்காக ஓடுது?”

அவர் இயந்திரத்தைப் பார்த்தார்.

“பின்னேரத்திலை வேலை விடேக்கை சுவிச்சை ஆர் அமத்துறது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை சேர்.” குரல் மாறியிருந்தது. “ரீச்சர்தான் அமத்துறவ. வேறை ஆரையும் தொட விடமாட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனாப் பிறகு பின்னேரத்திலை ஃபோன் எடுப்பா. நான் ஃபோனை மெஷினுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு சுவிச்சை அமத்துவன். சனிக்கிழமையிலை தாங்கிக்குக் கீழை இருக்கிற வால்வையும் திறப்பன். காத்தெல்லாம் போய் முடியுமட்டும் அவ கேட்டுக்கொண்டிருப்பா. முடிஞ்சாப் பிறகுதான் என்னை வீட்டை போகச் சொல்லுவா.”

நான் சுவிச்சைப் பார்த்தேன்.

“பிறகு ஃபோன் வரேல்லை” என்றார். “ஃபோன் வராமல் எப்பிடிச் சேர் அமத்துறது?”

அவர் அதை ஒரு நியாயமான கேள்வியாகவே கேட்டார். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்களில் எவரும் சோம்பலினால் அந்தச் சுவிச்சைத் தொடாமல் விடவில்லை. அது அவளுடைய கை வைக்கும் இடம். தானே நிற்கும், தானே ஓடும் என்பதால் கெடுதல் ஒன்றுமில்லை என்றும் நம்பிவிட்டார்கள். அவளுடைய தம்பியோ பொழுதுபடுமுன் கட்டடத்தில் நிற்பதில்லை. அவள் போன நாளிலிருந்து காற்றமுக்கி இரவும் பகலும், ஓய்வுநாளிலும், குழாய்களின் ஓட்டைகளுக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சுவிச்சை நான் அமர்த்தினேன். பிறகு குனிந்து தாங்கியின் அடியில் இருந்த வால்வைத் திறந்தேன். காற்று வரவில்லை. பழுப்புநிறத் தண்ணீர் வந்தது. எண்ணெய் மிதக்கும் தண்ணீர், நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது.

“ஐயோ சேர், இவ்வளவு தண்ணியோ? எங்கையாலை வந்தது?”

“காத்துக்குள்ளை இருந்ததுதான். ஈரக் காத்தை நெருக்கினால் தண்ணி பிரிஞ்சு அடியிலை தங்கும். தாங்கி பாதி தண்ணியாலை நிறைஞ்சிட்டுது. காத்துக்கு இருக்க இடமில்லை. அதுதான் உடனை நிறையுது, உடனை முடியுது.”

“இது தெரிஞ்சிருந்தால் கிணறு இறைக்காமல் இதிலையே குளிச்சிருக்கலாம்” என்றார் அவர். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வேட்டியில் தெறித்த பழுப்புக் கறைக்கு எலுமிச்சம்புளி போடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஒழுக்குகளைத் தேடினேன். பொறிகள் நின்றிருக்க, தாங்கி நிறைந்திருக்கும் நேரம் அது ஒன்றுதான். ஒரு சிரட்டையில் சவர்க்கார நுரையும், என் சவரத் தூரிகையும் கொண்டுபோயிருந்தேன். குழாய் மூட்டுகளில் நுரையைத் தடவினால், காற்றுப் போகும் இடத்தில் குமிழி எழும்பும். பெண்கள் சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள்.

“சேர் பைப்புக்குச் சேவ் எடுக்கிறார், வந்து பாருங்கோடி.”

“மெல்லமாச் சேர், வெட்டிப்போடும்.”

ஒழுக்கு இல்லாத மூட்டைக் காண்பது அரிதாக இருந்தது. சில இடங்களில் சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். சில இடங்களில் பழைய துணி. கூடத்தின் நடுவில், போத்தல் துடைக்கும் வாங்குப் பலகைகளுக்கு மேலே, ஒரு காற்றுத் துப்பாக்கி கயிற்றில் தொங்கியது. ஈரப் போத்தல்களை ஊதி உலர்த்துவதற்காக வாங்கியது. அதன் விசையை இறப்பர் பட்டியால் கட்டி, அதன் வாய் பலகைகளில் இருப்பவர்களின் கழுத்தைப் பார்க்கும்படி திருப்பியிருந்தார்கள். அது நாள் முழுவதும் சீறிக்கொண்டிருந்தது.

“இதுதான் இருக்கிறதுக்குள்ளை பெரிய லீக்” என்றேன்.

இளம்பெண் ஒருத்தி பதறிப்போனாள். “சேர், அது லீக் இல்லை. அது எங்கடை ஃபான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போனபிறகு அந்தக் கட்டடத்தில் நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெயிலில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனாலும், அந்தச் சிறு துவாரத்துக்குக் காற்று ஊட்டும் மின்சாரத்தில் கூடம் முழுவதற்கும் விசிறி ஓட்டலாம் என்று சொன்னேன்.

“அப்ப விசிறியைத் தாங்கோ, காத்துத் துவக்கைக் கொண்டுபோங்கோ” என்றார் பொறுப்பான பெண்.

அன்று பின்னேரமே வீட்டிலிருந்து இரண்டு விசிறிகளை ஓட்டோவில் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டில் மூன்று இருந்தன. எனக்கு ஒன்று போதும். போத்தல் உலர்த்துவதற்கும் ஒரு வழி இருந்தது. காற்றமுக்கி தன்னைக் குளிர்விக்க வெளியே தள்ளும் சூடான காற்று வீணே சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கழுவிய போத்தல் தட்டுகளை அதன் முன்னால் அடுக்கச் சொன்னேன். சோறு வடித்து வைக்கும் நேரத்தில் உலர்ந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை குருநகரிலிருந்து ஒரு குழாய் வேலைக்காரரை வரவழைத்தேன். மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் திருத்துபவர். எங்கள் குழாய்களைத் தொடக்கத்தில் பொருத்தியவரும் அவர்தான். கிழிந்த துணிகளையும் சைக்கிள் ரியூப்பையும் அவிழ்த்தெறிந்து, மூட்டுகளைப் புதிதாக இறுக்கினார். நான் அமுக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். காற்றுப் போதாமல் போன ஒவ்வொரு முறையும் யாரோ அமுக்கத்தைக் கூட்டியிருந்தார்கள். கூட்டக் கூட்ட ஓட்டைகள் வழியே இன்னும் வேகமாகப் போயிற்று. அதனால் மறுபடியும் கூட்டினார்கள். மூடி இறுக்கும் பொறியில் இருப்பவள் நான் ஒவ்வொரு முறை கைபிடியைத் திருப்பும்போதும், “சேர், காணும் சேர், விடுங்கோ சேர்” என்று கெஞ்சினாள். ஒவ்வொரு முறையும் போத்தலைக் கவிழ்த்துப் பழைய பத்திரிகையின் மேல் வைத்தோம். தாள் நனையவில்லை.

புதன்கிழமை காலையில் இயந்திரம் ஓடியது, நின்றது, நெடுநேரம் நின்றபடியே இருந்தது. பெண்களில் ஒருத்தி பழுதாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே உள்ளே தலையை நீட்டினான். “என்ன அத்தான், செத்துப்போச்சோ?”

“நித்திரை.”

ஆனால் மதியத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. ரசத்தைச் சூடாக்கும் விறகு அடுப்பு மூட்டியதும் காற்றமுக்கி மறுபடியும் விடாமல் ஓடத் தொடங்கியது. அதன் உடல் கொதித்தது. மூடிகள் தளர்ந்தன. கவிழ்த்த போத்தல்களின் கீழே பத்திரிகையில் செம்மஞ்சள் வட்டங்கள் விழுந்தன.

காரணத்தைக் காண அதிகநேரம் எடுக்கவில்லை. காற்றை இழுக்கும் வாய், அடுப்பின் பக்கமாக இருந்தது. இயந்திரம் வந்தபோது அடுப்பு அங்கே இல்லை, பிறகு வந்தது. சூடான காற்று மெலிந்தது. அதே அளவு வேலைசெய்தாலும் தாங்கிக்குள் போவது குறைவு. குளிர்ந்த காற்றைக் கொடுத்தால், அதே இயந்திரம் அதே மின்சாரத்தில் அதிகம் அடைக்கும்.

கொட்டகைக்குள் நாங்கள் நால்வர் நின்றோம்: குருநகர்க்காரர், தம்பி, பொறுப்பான பெண், நான்.

“வாயை வேறை பக்கம் திருப்பவேணும்” என்றேன்.

“கிழக்கை றோட்டு சேர். செம்மண் புழுதி. ரெண்டு கிழமையிலை பிஸ்டனைத் திண்டுபோடும்” என்றார் குருநகர்க்காரர். “மேற்கை ஜெனரேற்றர் புகை. தெற்கை அடுப்பு.”

“வடக்கு?” என்று தம்பி கேட்டான். கேட்டவுடனே என்னைப் பார்த்தான்.

குருநகர்க்காரர் சுவரில் விரலால் தட்டினார். அவருக்குத் தெரியாது. “அங்காலை என்ன இருக்கு? நல்ல குளிரா இருக்குதே இந்தச் சுவர்.”

தம்பி நிலத்தைப் பார்த்தான். பிறகு பொறுப்பான பெண், “ரீச்சரின்ரை அறை” என்றார்.

அவர் உடனே கையை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அப்ப, சேர், நான் வெளியாலை சுத்திக் கொண்டுபோறன். நாலு வளைவு போட்டால் வேம்படிக்குப் போயிடலாம்.”

“ஓம் அத்தான்” என்றான் தம்பி. அந்த அறையை இடிப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்டு வந்தவன் அவன். “சுத்தியே போகட்டும். பைப் எவ்வளவு முடிஞ்சாலும் நான் வாங்கித் தாறன்.”

மூன்று பேரும் எனக்கு ஒரு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். நீண்ட குழாயும் நான்கு வளைவுகளும் காற்றின் இழுவைக்குத் தடையாகும். குளிர்ந்த காற்றினால் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதியை அந்தத் தடை விழுங்கிவிடும். இழுகுழாய் குறுகியதாகவும் அகன்றதாகவும் இருக்கவேண்டும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். பின்னேர வெப்பத்தில் அரைகுறையாகச் செய்த திருத்தம் தோற்றுப்போனால், சனிக்கிழமை கொழும்புக்கு மறுமொழி போகும். பிறகு சுவரே இராது.

அறையை இழக்காமல் இருப்பதற்கு அதைத் திறந்தாகவேண்டும். யன்னலையும் திறந்துவைக்கவேண்டும், நாள் முழுவதும்.

“சுத்த வேண்டாம்” என்றேன். “வளைவு கூடினால் இழுவை கஷ்டம். நேரே போடுங்கோ.”

திறப்பைப் பையிலிருந்து எடுத்தேன். பூட்டு சற்று இறுகியிருந்தது. கதவைத் திறந்தபோது ஓடிகொலோன் வாசனைநீர், கஞ்சி போட்ட பருத்தி, நெல்லிப் புளிப்பு ஆகியவை கலந்த மணம் அப்படியே இருந்தது. பூட்டும்போது இது உள்ளே இருக்கிறது என்று நான் நினைத்ததில்லை. எனக்குப் பின்னால் யாரும் உள்ளே வரவில்லை. பொறுப்பான பெண் கூடத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்களை அடக்கும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் நின்றேன். பிறகு யன்னல் கொளுக்கியைத் தட்டிக் கழற்றி, இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளினேன்.

“வரலாம்” என்றேன்.

குருநகர்க்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். மேசையையும் கதிரையையும் துவாய்த் துண்டுகளால் மூடிவிட்டுத்தான் சுவரைத் துளைத்தார். மேலங்கியை எடுக்கட்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அன்று பின்னேரத்துக்குள் அகன்ற குழாயொன்று சுவர் வழியே வந்து, அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வாய் திறந்து நின்றது. வாயில் கம்பிவலை. யன்னலுக்கும் வலை. புழுதி உள்ளே வந்தாலும், குழாயை அடையுமுன் அந்த அறையிலேயே அடங்கிவிடும்.

“இழுக்குதோ எண்டு பாக்கிறதுக்கு” என்று சொல்லி, தன் பையிலிருந்து வலை பின்னும் நீல நைலோன் நூல் ஒரு துண்டை எடுத்துக் குழாயின் வாயில் கட்டினார். தம்பி சுவிச்சைப் போட்டான். நூல் எழும்பி, கம்பிவலையில் ஒட்டிக்கொண்டு துடித்தது. தம்பி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

“நல்ல காத்துத்தான் அத்தான்” என்றான், கடைசியில்.

வியாழக்கிழமை அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதும் இயந்திரம் ஓய்வெடுத்தது. வெள்ளிக்கிழமை காலை அந்த அறைக்குள் போனேன். வேம்பின் மணம் மட்டும் இருந்தது. அது நல்ல மணம்தான். வேறொன்றையும் நான் எதிர்பார்த்திருக்க முடியாது. இரண்டு நாளில் அந்த அறையின் காற்று எத்தனை முறை மாறியிருக்கும் என்பதை என்னால் கணக்கிட முடியும். கணக்கிடவில்லை. மேலங்கியின் கைப்பகுதியை மட்டும் சற்று நேராக்கிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அந்தக் கிழமையிலேயே அதிக வேலை. நீர்வேலிக் கடைகளுக்கு ஒரு லொறி போகவேண்டியிருந்தது. பின்னேரம் வரை போத்தல்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பத்திரிகையில் வைத்தோம். தாள் உலர்ந்தே இருந்தது. தம்பி என் முன்னாலேயே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தான்.

“இல்லை அண்ணை, மெஷின் இப்ப வேண்டாம்... இல்லையில்லை, விலையாலை இல்லை... இடமில்லை அண்ணை. ஓம். எங்களிட்டை வைக்க இடமில்லை.”

கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மேலுதடு ஒரு பக்கம் எழும்பியிருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

“யன்னல் திறந்து கிடக்கிற அறை” என்றேன். “மழை வந்தால் சாத்த ஆளில்லாமல் இருக்கப்படாது. நீ உன்ரை வேலையளை அங்கை இருந்து பாரன்.”

“அந்தக் கதிரையிலை நான் இருக்கமாட்டன்.”

“இருக்கச் சொல்லேல்லை.”

“வேறை கதிரை ஒண்டு கொண்டுவாறன்” என்றான். “அக்கான்ரை கதிரை யன்னலடியிலை இருக்கட்டும்.”

நான் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விறாந்தையில் இருந்தேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கைபேசி ஒலித்தது. பொறுப்பான பெண்.

“சேர், எல்லாரும் போயிட்டினம். நான் மெஷினடியிலை நிக்கிறன்.”

“ஓம்.”

“அமத்தட்டே?”

“அமத்துங்கோ.”

முதலில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு சொடுக்கு. இரைச்சல் தாழ்ந்து, பட்டி உராயும் ஓசையாகி, நின்றது. சற்று அமைதி. பிறகு அவர் வால்வைத் திறந்திருக்கவேண்டும். தண்ணீர் சிறிது சிதறும் ஓசை. அதன் பின்னே காற்று. உரத்து, நீளமாக, ஒரே சீராக வந்தது. மெல்ல மெல்லத் தணிந்தது. தணிந்த பிறகும் நூலிழைபோல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அது முடிகிறதா என்று கூர்ந்து கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நூலிழையும் போனபின், தொலைவில் வேம்பில் காகங்கள் அடையும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்கும் இது கேட்டிருக்கும்.

மறுமுனையில் அந்தப் பெண் காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

“சரி” என்றேன். “வீட்டை போங்கோ.”